வெளியூர் அனுப்பும் அல்வாவில் நெய் கசியுது: லெசித்தினும் 471-உம் போட்டால் நிற்குமா?

டவுன்_அடுப்படி:

கூரியரில் போகிற அல்வா பற்றிய கேள்வி. அளவு இதுதான்: சம்பா கோதுமை 1 கிலோ, சீனி இரண்டரை கிலோ, நெய் ஒன்றேகால் கிலோ. கால் கிலோ பொட்டலம். உள்ளே பட்டர் பேப்பர், வெளியே மடித்து ஒட்டிய பிளாஸ்டிக் உறை. மடிப்பு வழியாக நெய் கசிந்து அட்டைப்பெட்டி ஊறிப்போகுது. மூலப்பொருள் விற்கிறவர்கள் சொல்லும் வழி, மொத்த எடையில் அரை சதவீதம் சோயா லெசித்தினும் 0.3 சதவீதம் ஜி.எம்.எஸ்.ஸும் (கிளிசரால் மோனோஸ்டியரேட், உறையில் 471 என்று வருவது) நெய்யில் கலந்தால் பிரியாது என்பது. கசிவு உண்மையிலேயே நிற்குமா, ருசி மாறுமா, உறையில் என்ன எழுதணும், 471 சைவமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்க.

பாளை_எண்ணெய்க்கூடம்:

அண்ணாச்சி, நிற்காது.

லெசித்தின், ஜி.எம்.எஸ். மாதிரியான எமல்சிஃபையர் மூலக்கூறுக்கு இரண்டு முனை. ஒன்று தண்ணீரோடு ஒட்டும், மற்றது எண்ணெயோடு ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கிற எல்லையில்தான் அதற்கு வேலை. அங்கே வரிசையாக நின்று, துளியும் துளியும் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். அடுப்பை விட்டு இறக்கிய அல்வாவில் அப்படிச் சும்மா கிடக்கிற தண்ணீர் கிடையாது. மிச்சமிருக்கிற ஈரத்தைச் சீனியும் மாவுச்சத்தும் பிடித்துவைத்திருக்கும்.

உருளிக்குள் நடப்பதைப் பாருங்க. கோதுமைப்பால் வெந்து கூழாகும்போது தண்ணீர் நிறைய இருக்கும். அந்த நேரத்தில் ஊற்றுகிற நெய், கிண்டக் கிண்டச் சிறு துளியாக உடைந்து கூழுக்குள் போய்விடும். வெந்த மாவுச்சத்தும் பாலோடு வந்த புரதமும் அந்தத் துளிகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வற்றிச் சீனி இறுகினால் கூழுக்கு நெய்யைத் தாங்கும் தெம்பு குறையும், உள்ளே போன நெய் திரும்ப வெளியே வரும். 'நெய் கக்கிட்டு, பதம் வந்தாச்சு' என்று நாம் சொல்வது இதைத்தான். நெய் பிரிவதே பதத்தின் அடையாளம் என்கிறபோது, அதைத் தடுக்க ஒரு பொருளைப் போட்டால் பதம் பார்க்க வழியில்லாமல் போகும்.

ஜி.எம்.எஸ். இன்னொரு கெடுதலும் செய்யும். மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற நீளச் சங்கிலி சுருளாகச் சுற்றிக்கொள்ளும். ஜி.எம்.எஸ்.ஸின் கொழுப்புவால் அந்தச் சுருளுக்குள் நுழைந்து பூட்டிவிடும். ரொட்டி மறுநாளும் மெத்தென்று இருக்க இது நல்லது. அல்வாவிலோ அந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னுவதால்தான் இழுவையும் வழுக்கலும் வருது. பூட்டிப்போட்டால் வாயில் ஒட்டுகிற களிதான் கிடைக்கும். திரவ லெசித்தினுக்குச் சொந்த வாடை உண்டு, கடுஞ்சூட்டில் கறுத்து நுரைக்கவும் செய்யும். நெய்வாசனைக்காக வாங்குகிற பண்டத்தில் அது வேண்டாத வேலை.

கசிவைத் தயாரிப்பிலும் கட்டுவதிலும்தான் நிறுத்தணும். நெய்யை ஆறு பங்காக்குங்க. ஒரு பங்கு முழுக்க உள்ளே போன பிறகே அடுத்தது. முதல் மூன்று பங்கும் கூழ் தளதளவென்று இருக்கும்போதே போய்விடணும், கடைசியில் கொட்டுகிற நெய் உள்ளே போகாது. மினுமினுப்புக்காகக் கடைசியில் ஊற்றுகிற பங்கை, கூரியருக்குப் போகிற அல்வாவில் விட்டுவிடலாம். இறக்கியதும் அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஒரு பக்கத்துக்கு அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு முட்டுக்கொடுத்துச் சாய்த்து வையுங்க. 45, 50 பாகைச் சூட்டில் நெய் தண்ணீராக இருக்கும். ஒரு மணி நேரத்தில் தங்காத நெய் எல்லாம் ஓரத்துக்கு வடிந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு வடித்தால் நெய் உறைந்து உள்ளேயே நிற்கும், பார்வைக்குக் கசிவு இல்லாத மாதிரி தெரியும், சித்திரை வெயிலில் வண்டிக்குள் உருகி ஓடும். ஆகவே சூட்டோடு வடிக்கணும், ஆறின பிறகு கட்டணும். மாற்றிச் செய்தால் இரண்டும் கெட்டது.

உறை மடித்து ஒட்டுவதும் ஒரு குற்றம்தான். மடிப்பு எந்தக் காலத்திலும் எண்ணெயைத் தாங்காது. மூன்று பக்கமும் சூட்டில் மூடிய உறையில் போட்டு, நாலாம் பக்கத்தையும் சூட்டில் மூடுங்க. மூடுகிற வாயில் ஒரு சொட்டு நெய் பட்டிருந்தாலும் அந்த இடம் பிடிக்காது, அதனால் அல்வாவைப் பட்டர் பேப்பரில் சுற்றிய பிறகே உள்ளே இறக்கணும்.

டவுன்_அடுப்படி:

சூட்டோடு வடிப்பது, ஆறிக் கட்டுவது புரிந்தது அண்ணாச்சி. அனுப்புவதற்கு முன்னால் எவ்வளவு கசியும் என்று அளந்து பார்க்க வழி உண்டா?

பாளை_எண்ணெய்க்கூடம்:

உண்டு, ஒரு கிராம் வரை சரியாகக் காட்டுகிற தராசு இருந்தால் போதும். 100 கிராம் அல்வாவை ஒரே கனத்தில் வெட்டி, எடை பார்த்த நாலு மடிப்பு மை ஒற்றும் தாளின் மேல் வையுங்க. ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் வெந்நீர் பாட்டிலோடு மூடி, 40 பாகைக்கு வெப்பமானி காட்டும்படி நாலு மணி நேரம். பிறகு அல்வாவை எடுத்துவிட்டுத் தாளை மட்டும் நிறுங்க. ஏறின எடைதான் கசிந்த நெய். பழைய முறையில் செய்ததையும் வடித்துச் செய்ததையும் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். லெசித்தின் விற்கிறவரிடமும் இதே சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்க.

வள்ளியூர்_ஓவன்:

அல்வா விஷயத்தில் பாளைக்காரர் சொல்வது சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு 'எமல்சிஃபையரே ஏமாற்று' என்று யாரும் நினைக்கக்கூடாது. கேக்கில் அது உண்மையான வேலை செய்கிற பொருள். தப்பாகப் போடுவதால்தான் கெட்ட பேர்.

நம்ம பக்கத்து பேக்கரிகளில் 'ஜெல்' என்று சொல்கிற வெண்ணிறக் களிம்பு, ஜி.எம்.எஸ்.ஸைத் தண்ணீரில் சூடாக்கி ஒரு குறிப்பிட்ட படிக நிலையில் நிறுத்தியது. அந்த நிலைக்கு ஆல்ஃபா என்று பெயர். இந்த நிலையில் இருக்கிறவரைதான் அது காற்றைப் பிடிக்கும். முட்டை ஒரு கிலோ, சீனி ஒரு கிலோ, மைதா ஒரு கிலோ என்ற கணக்குக்கு ஜெல் 50 முதல் 60 கிராம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டு வேகமாக அடித்தாலும் ஐந்தாறு நிமிடத்தில் நுரை ஏறும். எண்ணெயைக் கடைசியில், மெதுவேகத்தில் ஊற்றணும்.

நுரை போதுமா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீங்க. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து நிறுங்க, 200 கிராம் என்று வையுங்க. அதே டம்ளரில் மாவுக்கலவையை இடுக்கில் காற்று நிற்காமல் நிறைத்து வழித்து நிறுங்க. 90-லிருந்து 100 கிராமுக்குள் இருந்தால் ஸ்பாஞ்சுக்குச் சரி. 120-க்கு மேல் என்றால் அடித்தது போதாது. 80-க்குக் கீழே போனால் அடுப்பில் குப்பென்று எழும்பி நடுவில் குழி விழும்.

ஜெல் கெட்டுப்போவது நிறையப் பேருக்குத் தெரியாது. மே மாதம் தகரக்கூரைக்குக் கீழே டப்பாவை வைத்தால் ஆல்ஃபா நிலை போய்விடும். களிம்பு மினுக்கம் இழந்து, மணல்மணலாக, தண்ணீர் பிரிந்து நிற்கும். அதன் பிறகு எவ்வளவு போட்டாலும் நுரை வராது. நுரை வரவில்லையே என்று அளவை இரட்டிப்பாக்குவதுதான் பெரிய தப்பு. கேக் பிசுபிசுத்து, அடியில் ரப்பர் மாதிரி ஒரு பட்டை விழும், வாயில் சோப்பு வாடை அடிக்கும். டப்பாவைக் குளிர்ந்த அறையில் வையுங்க, உறைபெட்டியில் வேண்டாம்.

சோப்பு வாடைக்கு இன்னொரு காரணமும் உண்டு, இது முக்கியம். சந்தையில் ஜி.எம்.எஸ். என்ற பேரில் இரண்டு சரக்கு வருது. ஒன்று உணவுக்கானது. மற்றது 'எஸ்.இ.' என்று குறிப்போடு முகக்களிம்பு செய்கிறவர்களுக்கு வருவது, அதில் பொட்டாசியம் ஸ்டியரேட் மாதிரி உண்மையான சோப்பையே கலந்திருப்பார்கள், தண்ணீரில் தானாகக் கரைய வேண்டும் என்பதற்காக. விலை குறைவு என்று அதை வாங்கி ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் போட்டால் ருசி என்ன ஆகும்! மூட்டையில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

ரொட்டிக்கு வேற கணக்கு. மாவின் எடையில் 472-ஈ வகை, அதாவது டேட்டம், 0.3 முதல் 0.5 சதவீதம். அது மாவின் இழுவைப் புரதமான குளூட்டனைப் பலப்படுத்தி ரொட்டியை எழுப்பும். மென்மைக்கு ஜி.எம்.எஸ். அரை சதவீதம் போதும். தூளாக மாவில் தூவினால் பாதி வீண். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்து 65, 70 பாகைக்குச் சூடாக்கி, விடாமல் கிண்டி ஆறவைத்துக் களிம்பாக்கிச் சேர்த்தால்தான் முழுப் பலன்.

மேலப்பாளையம்_கிச்சன்:

முதல் கேள்வியில் கடைசியாகக் கேட்டதுதான் எங்களுக்கும் வேணும். 471 விலங்குக் கொழுப்பா, செடிக் கொழுப்பா? எண்ணைப் பார்த்து ஹலால் என்று முடிவு செய்யலாமா? 322, 476, 442 இதெல்லாமும் சாக்லேட் உறையில் வருது.

உறை_படிப்பவர்:

எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. எண் சொல்வது அது என்ன பொருள் என்பதை. எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாது.

471 என்றால் கிளிசரினோடு கொழுப்பமிலம் ஒன்றோ இரண்டோ சேர்ந்தது. அந்தக் கொழுப்பமிலம் பாமாயிலிலிருந்தும் வரலாம், மாட்டுக்கொழுப்பிலிருந்தும் வரலாம். 472 வரிசையும் 481-உம் அதே மாதிரி. 433, 435 எனப்படுகிற பாலிசார்பேட்டுகளிலும் கொழுப்பமிலம் உண்டு. 322 லெசித்தின், பெரும்பாலும் சோயா எண்ணெயைச் சுத்தம் செய்யும்போது கிடைப்பது. சூரியகாந்தியிலிருந்தும் எடுக்கிறாங்க, முட்டை மஞ்சளிலிருந்தும் எடுக்கலாம். அந்தப் பெயரே முட்டை மஞ்சளுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, 1840-களில் தியடோர் கோப்லே முதலில் பிரித்தெடுத்ததும் முட்டை மஞ்சளிலிருந்துதான். 476-இல் இருப்பது ஆமணக்கெண்ணெய்க் கொழுப்பமிலமும் பாலிகிளிசராலும். நம்ம ஆமணக்குதான், ஆனால் பேதி மருந்து இல்லை, அதிலிருந்து வேதிமுறையில் ஆக்கிய வேறு பொருள். 442 அமோனியம் பாஸ்பேட்டைடு, பெரும்பாலும் செடியெண்ணெயிலிருந்து வருவது.

நம்ம நாட்டில் உதவுவது சதுரத்துக்குள் இருக்கிற குறிதான். பச்சை வட்டம் என்றால் செடியும், பால், தேன் மாதிரியானவையும் மட்டும், சேர்க்கைப்பொருளும் அதற்குள் அடக்கம். பழுப்பு முக்கோணம் என்றால் முட்டையோ இறைச்சியோ விலங்குக்கொழுப்போ ஏதோ ஒன்று இருக்கு. 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றமும், சேர்க்கைப்பொருளின் எண்ணை எழுதுவதோடு நிற்காமல் அது செடியிலிருந்தா விலங்கிலிருந்தா என்பதைத் தெரியும்படி சொல்லணும் என்று உத்தரவிட்டது. அதனால் பச்சை வட்டமுள்ள பண்டத்தில் 471 இருந்தால் விலங்குக்கொழுப்புச் சந்தேகம் வேண்டாம். பழுப்பு முக்கோணம் என்றால், ஹலால் சான்று முத்திரை இல்லாதவரை, தயாரிப்பாளரிடம் கேட்கத்தான் வேணும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவருகிற பெட்டிகளில் இந்தக் குறி இருக்காது, அங்கே 'வெஜிடபிள்' என்ற சொல் 471-ஐ ஒட்டி இருக்கான்னு பாருங்க.

டவுன் அண்ணாச்சிக்கு உறைப் பேச்சு. சோயா லெசித்தின் போட்டால் 'எமல்சிஃபையர்' என்று வகையைப் போட்டு 322 என்ற எண்ணையும் போடணும். அது போக, ஒவ்வாமை எச்சரிக்கையில் கோதுமை, பால் இரண்டோடு சோயாவும் சேரும். போடாவிட்டால் பட்டியல் சீனி, நெய், கோதுமை என்று மூன்றோடு முடியும், எடை இறங்குமுகமாக. அந்த மூன்று சொல் உறையில் நிற்பதற்கே ஒரு மதிப்பு உண்டு என்பது என் எண்ணம். இன்னொன்று, எந்தச் சேர்க்கைப்பொருளும் எல்லா உணவுக்கும் பொது அனுமதி கிடையாது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அட்டவணையில் உங்கள் பண்டத்தின் வகை எண்ணைக் கண்டுபிடித்து, அந்த வரிசையில் அந்தப் பொருள் இருக்கா, எத்தனை அளவு என்று பார்த்த பிறகே கையில் எடுக்கணும். விற்கிறவர் வாய்ச்சொல் போதாது.

தென்காசி_பால்பண்ணை:

ஐஸ்கிரீம் பேச்சு வந்ததால் ஒரு விஷயம். எமல்சிஃபையர் என்றால் எப்போதும் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாது என்றுதான் நினைப்போம். ஐஸ்கிரீமில் அது செய்வது நேர் எதிர் வேலை.

பாலை ஹோமோஜினைசரில் விட்டால் கொழுப்பு பொடிப்பொடியாகி, ஒவ்வொரு துளியையும் பால்புரதம் கேசின் போர்த்திக்கொள்ளும். அந்தப் போர்வை ரொம்பக் கெட்டி. அப்படியே உறையவைத்தால் துளிகள் தனித்தனியாகவே நிற்கும், காற்றைத் தாங்காது, ஐஸ்கிரீம் ஈரமாக, சீக்கிரம் உருகி ஓடும். 471-உம் 433-உம் அந்தப் போர்வையைத் துளியிலிருந்து கொஞ்சம் உரித்துவிடும். கடையும்போது துளிகள் அரைகுறையாக ஒட்டி, சங்கிலிபோட்டுக் காற்றுக்குமிழிகளைச் சுற்றி நிற்கும். காய்ந்த மாதிரியான, அள்ளினால் வடிவம் நிற்கிற ஐஸ்கிரீம் அப்போதுதான்.

10 கிலோ கலவைக்குக் கணக்கு: பால்கொழுப்பு 1 கிலோ, கொழுப்பில்லாத பால்திடம் 1.1 கிலோ, சீனி 1.5 கிலோ, ஜி.எம்.எஸ். 25 கிராம், பாலிசார்பேட்-80 (அதுதான் 433) மூன்று கிராம், கொத்தவரைப் பிசின் 15 கிராம், கராஜீனன் என்ற கடற்பாசிப் பிசின் 2 கிராம், மிச்சம் தண்ணீர். பிசினை நேராகப் பாலில் கொட்டினால் மீன்கண் மாதிரி கட்டி விழும், பிறகு எந்த மிக்சியாலும் கரையாது. பத்து மடங்கு சீனியோடு உலர்வாகக் கலந்து, பால் 45 பாகையில் இருக்கும்போது சுழலில் தூவணும். 69 பாகையில் அரை மணி நேரம், அல்லது 80 பாகையில் 25 விநாடி. சூட்டோடு ஹோமோஜினைசர், முதல் கட்டம் 150 பார், இரண்டாவது 35. பிறகு 4 பாகையில் குறைந்தது நாலு மணி நேரம் ஆறப்போடணும். இந்த ஆறப்போடுதலில்தான் எமல்சிஃபையர் கேசினைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். அவசரத்தில் இதைத் தவிர்த்தால் போட்ட எமல்சிஃபையர் அத்தனையும் வீண்.

பாலிசார்பேட் மூன்று கிராமுக்குப் பதில் பத்துக் கிராம் விழுந்தால்? கடைகிற எந்திரத்திலேயே வெண்ணெய் திரளும். நாக்கில் பிசுக்குப் படியும்.

பாளை_எண்ணெய்க்கூடம்:

மேலே சொன்ன 471, 433 ஜோடிக்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீர்ப்பிடிப்பா எண்ணெய்ப்பிடிப்பா என்பதற்கு ஹெச்.எல்.பி. என்ற எண்ணை 1949-இல் வில்லியம் கிரிஃபின் வகுத்தார். 3 முதல் 6 என்றால் எண்ணெய்க்குள் தண்ணீர்த்துளி நிற்கும், வெண்ணெய் மாதிரி. 8-க்கு மேல் போனால் தண்ணீருக்குள் எண்ணெய்த்துளி, பால் மாதிரி. ஜி.எம்.எஸ். 3.8. பாலிசார்பேட்-80 பதினைந்து. இரண்டையும் கலந்து வேணும் என்கிற எண்ணைப் பிடிக்கலாம். எலுமிச்சை வாசனை எண்ணெயைத் தண்ணீரில் கலக்க 10 வேணும் என்று வையுங்க. 10-லிருந்து 3.8 கழித்தால் 6.2, அதை 11.2-ஆல் (15-லிருந்து 3.8 கழித்தது) வகுத்தால் 0.55. ஆக 10 கிராம் கலவையில் 5.5 கிராம் பாலிசார்பேட், 4.5 கிராம் ஜி.எம்.எஸ். இது தொடங்குகிற இடம்தான். புரதமோ பிசினோ கலந்திருந்தால் இந்தக் கணக்கு தள்ளாடும், அதைச் சோதனை செய்துதான் சரிபார்க்கணும்.

அம்பை_ஆற்றங்கரை:

எல்லாம் சரி, குடலைப் பற்றி யாருமே பேசவில்லையே? இந்த 433-உம் 466-உம் குடலின் உள்சவ்வைக் கரைக்கும் என்று படிக்கிறோம். பிள்ளைகள் தினம் பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் தின்னுது. அளவு, படிகம் என்று பேசிக்கொண்டே போனால் எப்படி? மொத்தமாக நிறுத்தணும் என்பது என் கருத்து.

வெள்ளங்கி_ஆய்வகம்:

அக்கறையான கேள்வி, அதனால் தெரிந்ததை அப்படியே வைக்கிறேன்.

2015-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, சசேங், கெவிர்ட்ஸ் குழுவினருடையது. எலிகளுக்குக் குடிதண்ணீரில் ஒரு சதவீதம் 466, அதாவது கார்பாக்சிமெதில் செல்லுலோஸ், அல்லது 433 கொடுத்தாங்க, 12 வாரம். குடற்சுவரைக் காக்கிற கோழைப்படலத்துக்குள் கிருமிகள் நெருங்கின, லேசான அழற்சி, எடை கூடுதல், சர்க்கரைக் கட்டுப்பாடு குறைவு. 2022-இல் மனிதர்களிடம்: 16 பேர், 11 நாள், ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 15 கிராம் 466. அவர்களுடைய குடற்கிருமிகளின் வகை குறைந்தது, சிலருக்குச் சாப்பாட்டுக்குப் பின் வயிற்று அசௌகரியம், இரண்டு பேருக்குக் கிருமிகள் கோழைப்படலத்துக்குள் புகுந்தது தெரிந்தது. 15 கிராம் பெரிய அளவு. மேலே ஐஸ்கிரீமுக்குச் சொன்ன பிசின் கணக்கையே 466-க்கு வைத்தாலும், 100 கிராமில் கால் கிராம்கூட வராது. 2023-இல் பி.எம்.ஜே. இதழில் பிரான்சின் 95,000-க்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, சில எமல்சிஃபையர்களை அதிகம் உட்கொண்டவர்களிடம் இதயநோய் கொஞ்சம் கூடுதல் என்றது, 471, 472 குடும்பத்தில் சிலவும் அதில் அடங்கும். ஆனால் அது கவனிப்பு ஆய்வு. அந்தப் பொருள் அதிகம் போகிறவர்களுக்குப் பொட்டலத் தீனியும் அதிகம் போகும். எது காரணம் என்று அதை வைத்து அறுதியிட முடியாது.

மறுபக்கம், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் 322, 471 இரண்டையும் மறுபரிசீலனை செய்து, உச்சவரம்பு எண் தேவையில்லை என்றது. பாலிசார்பேட்டுக்கு 2015-இல் வைத்த வரம்பு உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம். 20 கிலோ குழந்தைக்கு 500 மில்லிகிராம். தென்காசிக்காரர் கணக்குப்படி 100 கிராம் ஐஸ்கிரீமில் 30 மில்லிகிராம். வரம்புக்கு ரொம்பக் கீழேதான். ஆனால் அந்த வரம்பை வகுத்த காலத்துச் சோதனைகள் குடற்கிருமிகளை நோக்கிச் செய்தவை அல்ல என்பதும் உண்மை.

ஆகவே 322-ஐயும் 433-ஐயும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. லெசித்தின் முட்டையிலும் பயறிலும் நாம் தினம் தின்பதே. 466, 433 இரண்டையும் தினசரித் தீனியில் குறைப்பது நியாயம். குடலழற்சி நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டிக் கேட்பது அதைவிட நியாயம்.

அம்பை_ஆற்றங்கரை:

எண்ணுக்கு எண் வித்தியாசம் உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் வீட்டில் செய்ய முடிகிற பண்டத்துக்கு இது எதற்கு? பொட்டலத் தேங்காய்ப்பால் உறையைப் பாருங்க, 435, 466, 412 என்று வரிசையாக வருது. நம்ம சொதிக்குத் தேங்காய் பிழிய இத்தனை எண்ணா வேணும்!

சொதி_மணம்:

இதற்குப் பதில் சொல்ல வேண்டியது அடுப்படியிலிருந்துதான். தேங்காய்ப்பாலும் எமல்ஷன்தான், ஆனால் பலவீனமானது. தேங்காய்ப் புரதம்தான் அதன் ஒரே காவல். 80 பாகைச் சூட்டைத் தாண்டினால் அந்தப் புரதம் திரளும், காவல் போய் எண்ணெய் மிதக்கும். புளிப்பு ஏறினாலும் அதே கதி. சொதியில் இரண்டாம், மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, பாசிப்பருப்பைக் கடைந்துவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரம் நுரை கட்டும்போதே இறக்கி, ஆறின பிறகு எலுமிச்சை பிழிகிறோமே, அத்தனையும் இந்தக் காவலைக் காப்பாற்றத்தான். கடைந்த பாசிப்பருப்பும் கெட்டிப்படுத்தித் துளிகள் மேலே ஏறாமல் தடுக்கும், பிசின் செய்கிற அதே வேலை. பொட்டலத்தில் அடைக்கிறவர்கள் 100 பாகைக்கு மேல் சூடாக்கிக் கிருமி நீக்கணும், மாதக்கணக்கில் நிற்கணும். அந்தச் சூட்டில் தேங்காய்ப் புரதம் தாங்காது. அவர்களுக்கு அந்த எண்கள் வேணும், நமக்கு வேண்டாம்.

பொட்டலப்பாலில் சொதி வைத்தால் கொதித்தாலும் திரியாது. அதையே நல்ல பாலுக்கு அடையாளம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வாசனையைக் கேளுங்க.

ஜங்ஷன்_பரோட்டா:

ஷவர்மா, கிரில் கடைக்காரர்களுக்காக ஒரு கேள்வி, பதிலும் நானே சொல்கிறேன். பச்சைமுட்டை மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாட்டில் தடை போட்டாங்க. முட்டை மஞ்சளில் இருந்த லெசித்தினும் புரதமும்தான் எண்ணெயைப் பிடித்துவைத்தது. அது இல்லாமல் எதை வைத்துப் பிடிப்பது? பால்தான். கேசின் நல்ல எமல்சிஃபையர்.

காய்ச்சி ஆறவைத்துக் குளிர்ந்த பால் 100 மில்லி, சூரியகாந்தி எண்ணெய் 200 மில்லி, வினிகர் 10 மில்லி, உப்பு 3 கிராம், சாந்தன் பிசின் 1 கிராம். பிசினை எண்ணெயில் கலக்குங்க, பாலில் போட்டால் கட்டி. ஒடுக்கமான பாத்திரத்தில் பாலை ஊற்றி, மேலே எண்ணெய், கைமிக்சியை அடியில் வைத்து அசைக்காமல் அரை நிமிடம் ஓட்டி, பிறகு மெல்ல மேலே தூக்குங்க. வினிகர் கடைசியில். முதலிலேயே ஊற்றினால் கேசின் திரிந்து தயிர் மாதிரி ஆகும். கடைசியில் ஊற்றினால் அதே புளிப்பு கெட்டிப்படுத்தும். புளிப்பைக் காட்டுகிற பி.எச். தாளில் 4-க்குக் கீழே வருதான்னு பார்க்கணும், வராவிட்டால் இன்னும் கொஞ்சம் வினிகர். எண்ணெய் பிரிந்துவிட்டால் கொட்ட வேண்டாம். வேறு பாத்திரத்தில் இரண்டு கரண்டி குளிர்ந்த பால் வைத்து, பிரிந்ததைக் கரண்டி கரண்டியாக அதில் விட்டு அடித்தால் கூடிவிடும். குளிர்பெட்டியில் 5 பாகைக்குக் கீழே வையுங்க. கடைவாசல் மேசையில் நாள் முழுக்கத் திறந்து வைப்பது முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தப்பு.

டவுன்_அடுப்படி:

எல்லாருக்கும் நன்றி. லெசித்தின் வேண்டாம் என்று முடிவு. ஒன்றே ஒன்று பாக்கி. தாம்பாளத்தில் வடிகிற நெய்யை என்ன செய்வது? சீனித்துணுக்கும் மாவும் கலந்து கிடக்கு. நெய் டின்னிலேயே திரும்ப ஊற்றலாமா?

பாளை_எண்ணெய்க்கூடம்:

டின்னில் ஊற்றாதீங்க. அந்தத் துணுக்குகளில் ஈரம் உண்டு, மொத்த டின்னும் காறிப்போகும். சூட்டோடு மெல்லிய துணியில் வடிகட்டி, தனிப் பாத்திரத்தில் மூடி வைத்து, மறுநாள் அடுப்பில் முதல் பங்கு நெய்யாகவே போட்டுவிடுங்க. ஏற்கெனவே நிறம் ஏறியிருப்பதால் கடைசிப் பங்குக்கு அது ஆகாது. எவ்வளவு வடிந்தது என்பதை நிறுத்து எழுதி வையுங்க. ஒன்றேகால் கிலோவில் தினமும் ஒரே அளவு திரும்பி வருது என்றால், அத்தனையும் அந்த அல்வா தாங்காத நெய். முதலிலேயே அந்த அளவைக் குறைத்துப் போட்டு, மை ஒற்றும் தாள் சோதனையையும் ருசியையும் சேர்த்துப் பாருங்க.

உறை_படிப்பவர்:

அளவைக் குறைத்தால் உறையிலும் பாருங்க. நெய் ஒரு கிலோவுக்குக் கீழே இறங்கினால் பட்டியலில் கோதுமை அதற்கு முன்னால் வந்துவிடும்.